தாழ்ப்பாள் போடாத வீடு

பேய்க்கதை எழுதிப் பிழைக்கிறவன் தைரியசாலியாக இருப்பான் என்று யாராவது நம்பினால் அவர்கள் என் மனைவியைக் கேட்க வேண்டும். விளக்கில்லாமல் கொல்லைப்புறம் போகாதவன் நான். எழும்பூர் ஸ்டேஷனில் வண்டி நகர ஆரம்பித்தபோதும் அவள், "பேய் கீய் எதிர்ல வந்தா கிட்டப் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சிரித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த பட்டாளத்துக்காரனும் சேர்ந்து சிரித்தான். பயணம் இப்படித் தொடங்கியது.

போக வேண்டிய காரணம் இதுதான். பட்டணத்தில் நான் உதவி ஆசிரியனாக இருக்கும் வாரப் பத்திரிகையில் என் நண்பர் வைரக்கண்ணு ஒரு தொடர்கதை எழுதிவந்தார். ஜமீன் வீட்டில் ஒரு அறை. புருஷன் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறான், திரும்பி வரவில்லை. பெண்டாட்டி வெளியே நிற்கிறாள். உள்ளே யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது. கதை மொத்தமும் இவ்வளவுதான். தை மாசம் தொடங்கி வாராவாரம் அந்தக் கதவு திறக்கும் திறக்கும் என்று பார்த்து வாசகர்கள் பைத்தியமாகிவிட்டார்கள். கடைசி அத்தியாயம் ஒன்றுதான் பாக்கி என்று விளம்பரமும் செய்தாயிற்று. அப்புறம், சொந்த ஊரோடு போய்விட்ட வைரக்கண்ணுவிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. நேரில் போய் வாங்கி வா, கிடைக்காவிட்டால் நீயே எழுதி முடி என்றார் பத்திராதிபர். இரண்டாவது யோசனையைச் சொல்லும்போது அவர் முகத்தில் பத்திரிகையின் மேல் இருந்த பரிதாபம் நன்றாகவே தெரிந்தது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். மூர் மார்க்கெட்டில் பழைய இங்கிலீஷ் பேய்க்கதைகளைக் கட்டுக்கட்டாக வாங்கி, நானும் வைரக்கண்ணுவும் ஒன்றாகத்தான் படித்தோம். அந்த ஆசிரியர்கள் எப்படிப் பயமுறுத்தினார்கள் என்பதை ஆளுக்கொரு காபியோடு மணிக்கணக்கில் அலசுவோம். பேயைக் காட்டவே கூடாது என்பார் வைரக்கண்ணு. கண்ணால் பார்த்துவிட்ட பேய் வெறும் பொம்மை, கதவுக்குப் பின்னால் இருக்கிறவரைதான் அதற்கு உயிர். பேயைப் பார்த்ததாகச் சாட்சி சொல்கிறவன் போஸ்ட் மாஸ்டர் மாதிரி மந்தமான ஆளாக இருக்க வேண்டும், கவிஞன் பார்த்த பேயை எவனும் நம்பமாட்டான். வீட்டில் எல்லாம் வழக்கம்போல் இருக்கட்டும், ஒரே ஒரு சாமான் மட்டும் இடம் மாறியிருந்தால் போதும். இத்தனையும் தெரிந்துகொண்டும் என் கதைகளில் பேய் முதல் பக்கத்திலேயே தலைவிரி கோலமாக வந்து நிற்கும். வாசகர்கள் சிரிப்பார்கள்.

திருச்சியிலிருந்து கரி பஸ். பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபிறகு பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய கரி அடுப்பைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். அதைக் கிளறி, ஊதி, கெஞ்சி, திட்டித்தான் வண்டி கிளம்புகிறது. பட்டணத்து டிராமைக் குறை சொல்லிக்கொண்டிருந்த வாயை அன்றோடு மூடிக்கொண்டேன். என் பக்கத்தில் ஒரு அம்மாள் கோழிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன உத்தியோகம் என்று கேட்டாள். சொன்னேன். "பேய்க்கதைக்கெல்லாமா சம்பளம் குடுக்குறாங்க?" என்று கேட்டுவிட்டு அப்புறம் என் பக்கமே திரும்பவில்லை. கோழிதான் என்னைப் பார்த்துக்கொண்டு வந்தது.

நடுவழியில் கண்டக்டர், வெள்ளைக்காரன் ராஜ்யம் முடிந்துவிட்டது, இனி மகாராஜா சீமை என்றார். வேறு தேசத்துக்குள் நுழைவது என் ஜன்மத்தில் அதுதான் முதல் தடவை. ஆவலோடு எட்டிப் பார்த்தேன். அதே செம்மண், அதே கருவேலமுள், அதே ஆனி மாசத்து வெயில். சமஸ்தானத்துக்கென்று தனியாக ஒரு காசு மட்டும் கண்டக்டர் கையில் இருந்தது. புளியங்கொட்டை அளவுக்குச் சின்னது.

விராலிமலை வந்ததும் கரி அடுப்பு இருமிவிட்டு ஓய்ந்தது. நாளைக் காலையில்தான் இனி என்றார்கள். மலைமேல் முருகன், கீழே மயில்கள். அந்த முருகனுக்குச் சுருட்டு வைத்துப் படைப்பார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. படியிறங்கி வந்த ஒருவர் பிரசாதச் சுருட்டை எடுத்துக் காட்டினார். பட்டணத்துச் சாமிகளுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது என்றேன். அவருக்கு அதில் நல்ல பெருமை.

ரோட்டோரத்தில் ஒரு காபிக் கடை. சர்க்கரை ரேஷனில் போனபிறகு எல்லோரும் கருப்பட்டிக் காபிதான் குடிக்கிறார்கள். இட்லி நன்றாகவே இருந்தது. சாம்பாரில் மட்டும் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. இலுப்பூர்ப் பக்கம் வைரக்கண்ணு வீட்டுக்குப் போகிறேன், வழி எப்படி என்று கடைக்காரரைக் கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என் தங்கச்சியத்தாங்க அந்த வீட்டுல குடுத்துருக்கு" என்றார்.

அவர் பெயர் ஆறுமுகம். வைரக்கண்ணுவின் ஒரே மகன் முத்தையாவுக்குத் தன் தங்கை வெள்ளையம்மாளைக் கட்டிக் கொடுத்திருந்தார். கல்யாணமான சூட்டோடு முத்தையா ரங்கூனில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். அப்புறம் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான். அதன்பிறகு முத்தையாவிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாததை ஆறுமுகம் சொன்னார். அவர்கள் ஜனத்தில் புருஷன் செத்துப்போனால் பெண்ணுக்கு மறுதாலி கட்டும் வழக்கம் உண்டு. முறை மாப்பிள்ளை ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தான். ஆனால் புருஷன் உயிரோடிருக்கிறானா இல்லையா என்று தெரியாத பெண்ணுக்கு எந்த வழக்கமும் கிடையாது. அவள் காத்திருக்கத்தான் வேண்டும்.

"இருக்கான்னு சொல்லட்டும், இல்லே போயிட்டான்னு சொல்லட்டும். மாமா ரெண்டையும் சொல்ல மாட்டேங்குறாரு. லெட்டர் வரட்டும், லெட்டர் வரட்டும்னே ஓட்டுறாரு. அந்தப் பையன் ஆடி பொறக்குற வரைக்குந்தான் பாப்பானாம். நீங்க கூட்டாளி, ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றார்.

கேட்கிறேன் என்றேன். கருப்பட்டிக் காபி குடித்த நன்றியில் மனுஷன் எதற்குத்தான் சரி சொல்ல மாட்டான்?

மறுநாள் இலுப்பூர் வரை பஸ், அங்கிருந்து மாட்டுவண்டி. வண்டிக்காரர் மாட்டோடு பேசினார், என்னோடு பேசவில்லை. பாதி வழியில் அச்சாணி கழன்று வண்டி சாய்ந்தபோதும் மாட்டுக்குத்தான் சமாதானம் சொன்னார். என் முழங்காலில் அடிபட்டதை அவருக்கு நானே தெரிவிக்க வேண்டியிருந்தது.

வைரக்கண்ணுவைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. பட்டணத்தில் குண்டு விழும் என்று எல்லோரும் ஊரைக் காலி செய்தபோது போனவர் அவர். அன்றைக்கு இருந்த ஆளில் பாதிதான் இப்போது இருந்தார். வலது கை நிற்காமல் நடுங்கியது. "வாய்யா சபாபதி" என்ற குரல் மட்டும் பழைய குரல்.

வெள்ளையம்மாள் வந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். இருபது வயசுக்கு மேல் இருக்காது. தலையில் கனகாம்பரம், நெற்றியில் பெரிதாகக் குங்குமம். குரலை உயர்த்தாமல், "இங்கிட்டு வெயிலு விழாது, இப்படி ஒக்காருங்க" என்றாள். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். இரண்டாம் தடவை போட்டபோது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பட்டணத்து ரேஷன் அரிசியையும் அதிலுள்ள கல்லையும் பற்றி நான் சொன்ன கதைகளைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சாப்பிட்டு எழுந்தபோது சுவரோரம் ஒரு சாய்வுப் பலகையில் அவள் ஏதோ பிரதி எடுத்துவைத்திருந்ததைப் பார்த்தேன். உருண்டை உருண்டையான எழுத்து. அச்சுக் கோக்கிறவர்கள் கொண்டாடும் எழுத்து, நானே அதைப் பல மாசமாகப் படித்துத் திருத்தியிருக்கிறேன். வைரக்கண்ணுவின் கை வராமல் போனபிறகு அவர் சொல்லச் சொல்ல அவள்தான் தொடர்கதை முழுவதையும் எழுதியிருக்கிறாள். பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிற அந்தப் பெண்ணை வாராவாரம் தன் கையாலேயே எழுதியவள் இவள்.

படுக்கப் போகும்போது வாசல் கதவு சாத்தியிருந்ததே தவிர, தாழ்ப்பாள் போடவில்லை. என் தொழிலுக்கு அடுக்காத விஷயம் அது. தாழ்ப்பாளை நானே போடப் போனேன். அவள் ஓடிவந்து தடுத்தாள். "வேண்டாங்க. தாப்பா போட்டா, அவுக வந்து தட்டுற சத்தம் கேக்காமப் போயிருச்சுன்னா?" என்றாள். பர்மா விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டில் தாழ்ப்பாள் போடுவதில்லையாம். காற்றுக்குக் கதவு அசையும்போதெல்லாம் நான் எழுந்து உட்கார்ந்தேன். வேறு யாரும் எழவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வைரக்கண்ணு என்னைக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்மாயில் தண்ணீர் இல்லை. ஆடுகள் மட்டும் மேய்ந்தன. முதலில் கடைசி அத்தியாயத்தைக் கேட்டேன். அப்புறம் ஆறுமுகம் கேட்கச் சொன்னதையும் கேட்டேன். இரண்டுக்கும் அவர் ஒரே பதிலைச் சொன்னார்.

போன ஐப்பசியில் இலுப்பூர்ச் சந்தையில், ரங்கூனிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த அறந்தாங்கிப் பக்கத்து ஆள் ஒருவன் அவரைத் தேடிப் பிடித்திருக்கிறான். முத்தையாவும் அவனும் ஒரே கூட்டமாக மலை வழியாக நடந்தார்களாம். வழியில் வாந்திபேதி. முத்தையா ஒரு மரத்தடியில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. குழி தோண்ட யாருக்கும் பலமில்லை. இலை தழைகளை வாரி மேலே போட்டு மூடிவிட்டு நடந்திருக்கிறார்கள். அந்த ஆள் வைரக்கண்ணுவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதானாம். பிறகு அறந்தாங்கிக்குப் போய்விட்டான்.

"வெள்ளையம்மாளுக்கு?" என்றேன்.

"சொல்லல."

ஐப்பசியில் சேதி வந்தது. தை மாசம் தொடர்கதை தொடங்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போதுதான் தோன்றியது. சாட்சி மந்தமான ஆளாக இருக்க வேண்டும் என்பாரே, அந்த வேஷத்துக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான். பட்டணம் பூராவும் காபி குடித்துக்கொண்டே ரசித்த சத்தம், அந்த அறைக்குள் நடக்கிற காலடி, இந்த மனுஷன் தினமும் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்ததுதான். நான் அதற்குக் காற்புள்ளி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்தது. கதவுக்குப் பின்னால் இருக்கிறதுதான் அதிகம் பயமுறுத்தும் என்று நீர்தானே சொல்வீர், அந்தப் பெண்ணை அப்படி நிற்க வைத்திருக்கிறீரே, அவளுக்கு மறுதாலி கட்ட ஒருவன் தயாராக இருப்பது உமக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றார். கதையில் மூடிய கதவு பயம், வீட்டில் அதுவே நம்பிக்கை என்றார். சாமர்த்தியமான பேச்சு. அவருக்கே அது பிடிக்கவில்லை போலிருக்கிறது, முகத்தை ஆடுகளின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நெசத்தச் சொல்லவா சபாபதி? சொன்னா அவ அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிருவான். அவ பூ வச்சுக்கிட்டு நடமாடுற வரைக்கும் என் மகனும் எங்கயோ இருக்கான். அவ போயிட்டா, நான் அந்த எலைக் குவியலோட தனியா இருக்கணும்."

திட்ட நினைத்தேன், முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசி அத்தியாயம் ஏன் வரவில்லை என்பதும் அப்போது விளங்கியது. கதவைத் திறக்கத்தான் வேண்டும் என்று கதை கேட்டது. அதை எழுத வேண்டிய கை அவளுடையது. சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இனி நான் இருக்கிறேன், சொல்லும் என்றேன். கண்மாய்க் கரையிலேயே உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கதவு திறக்கிறது. உள்ளே பேயில்லை, பிணமில்லை. தரை முழுவதும் காய்ந்த இலைகள். ஜன்னலே இல்லாத அறைக்குள் அவ்வளவு இலை எப்படி வந்தது என்று அந்தப் பெண் குனிந்து ஒன்றை எடுக்கிறாள். அவ்வளவுதான். அவர் எழுதியதிலேயே சிறந்த பக்கம் அது.

வீடு திரும்பும்போது, யாரிடமும் சொல்லாதே என்றார். நான் எழுதிய காகிதங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

நாலாம் நாள் புறப்பட்டேன். வழிக்குப் புளிச்சோறு கட்டி, வண்டி நிற்கிற இடம் வரை வெள்ளையம்மாளே பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வண்டிக்காரர் வழக்கம்போல் மாட்டோடு பேசிக்கொண்டிருந்தார். அவள் பையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"கடைசி அத்தியாயத்த மாமா என்னய எழுதச் சொல்லல. ஒங்களத்தான் எழுத வச்சாங்க. கதவு தெறக்குதுங்களா?"

பத்திரிகையில் படித்துக்கொள் அம்மா என்றேன். வாசகர்களுக்கு வழக்கமாக எழுதிப் போடும் பதில்.

"தெறக்காம இருந்தா நல்லாருக்குங்க. தெறந்துருச்சுன்னா அப்புறம் அவ எங்க போயி நிப்பா?" என்றாள். பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கனகாம்பரம் புதுசாக வைத்திருந்தாள்.

வண்டியிலும் பஸ்ஸிலும் எனக்கு ஒரே யோசனைதான். நண்பனுக்குத் துரோகம் செய்வதா, அந்தப் பெண்ணின் வாழ்க்கையைப் பார்ப்பதா? இலுப்பூர்ச் சந்தையில் இறங்கி நடந்துகொண்டே யோசித்தேன். புளிச்சோற்றைப் பிரித்துவைத்துக்கொண்டு யோசித்தேன். நான் முதல் பக்கத்திலேயே பேயைக் காட்டிவிடுகிற ஆள், அதுதானே என் குறை. இந்த ஒரு தடவையாவது அது உபயோகப்படட்டும் என்று முடிவு செய்தேன். விராலிமலையில் இறங்கியபோது எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்திருந்தது.

ஆறுமுகம் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். கடையில் ஆள் இல்லை. உட்காராமல் நின்றபடியே சொல்லிவிட்டேன். முத்தையா இறந்துவிட்டான், மலைவழியில், வாந்திபேதியில். பார்த்தவன் வந்து சொல்லியிருக்கிறான். சந்தேகமில்லை.

அவர் காபி ஆற்றுவதை நிறுத்தவில்லை. டம்ளரிலிருந்து டவராவுக்கு, டவராவிலிருந்து டம்ளருக்கு. நன்றாக ஆறிப்போன பிறகும் ஆற்றினார்.

"ஆடி வரைக்கும்கூடப் பொறுக்கலீங்க. முந்தாநாள் அந்தப் பையனுக்குப் பரிசம் போட்டுட்டாங்க. கீரனூர்ப் பொண்ணு" என்றார்.

வேறு இடம் பார்க்கலாமே என்று ஏதோ சொன்னேன். பையன்கள் பாதிப்பேர் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள், மிச்சமிருக்கிறவன் புதுப் பெண்ணாகத்தான் தேடுகிறான், முறை இருந்ததால் இவன் ஒருவன் சம்மதித்தான் என்றார். குரலில் என்மேல் கோபமில்லை. கோபித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், "அவளுக்குத் தெரியாதுல்ல?"

தெரியாது என்றேன்.

"அப்பச் சொல்ல வேணாங்க. இனிமே தெரிஞ்சு அவளுக்கு என்ன ஆகப்போகுது. பூவாவது வச்சுக்கிட்டு இருக்கட்டும்."

ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க என்று என்னை அனுப்பியவர் அவர்தான். அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு இதுவரை வைரக்கண்ணு தனியாக நின்றார். இப்போது நாங்கள் மூன்று பேர். ஆறிப்போன காபியை என் முன்னால் வைத்தார். குடித்தேன். மலைமேலிருந்து மயில் அகவியது, அந்தக் குரலை எனக்கு அன்றோடு பிடிக்காமல் போய்விட்டது.

திரும்பி வந்த ரயிலில் எதைச் சாப்பிட்டேன், யாரோடு பேசினேன் என்று ஞாபகமில்லை. ஆபீசில் கடைசி அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் பேனாவை எடுத்து, கதவு திறக்கிற இடத்திலிருந்து கடைசி வரை அடித்துவிட்டேன். அவர் எழுதியதிலேயே சிறந்த பக்கம் போயிற்று. கதை முடிகிறபோது அந்தப் பெண் இன்னும் வெளியே நின்றுகொண்டிருந்தாள். பத்திராதிபர் என்னை ஒரு வாரம் ஏசினார். ஏமாற்றிவிட்டீர்கள் என்று வாசகர்கள் கார்டு கார்டாக எழுதினார்கள். எல்லாம் நியாயம்தான்.

அந்த இதழ் இலுப்பூர்த் தபாலில் போய்ச் சேர்ந்த வாரம் ஆடி பிறந்திருந்தது.